கெமிக்கு ஒரு வருடம் முடிந்தது. டோரிகள் மறுபடியும் தலைவரை மாற்றுவார்களா?

ஹரோ_குமரன்:

வணக்கம் உறவுகளே. 2025 நவம்பர் 2ஆம் திகதியோடு கெமி பேடனாக் பிரித்தானியாவின் கன்சர்வேட்டிவ் (டோரி) கட்சித் தலைவராகி ஒரு வருடம் முடிந்துவிட்டது. புதுத் தலைவர் மீது முதல் வருடம் நம்பிக்கை வாக்கெடுப்பு வைக்க முடியாது என்ற காவல் இனி அவருக்கு இல்லை. எம்.பி.க்கள் 1922 குழுவின் (கட்சியின் பின்வரிசை எம்.பி.க்கள் குழு) தலைவரிடம் கடிதம் கொடுக்கத் தொடங்கலாம். முன்பு கட்சி எம்.பி.க்களில் 15 வீதம் பேர் எழுதினால் போதும். 2024 தோல்விக்குப் பிறகு அதை மூன்றில் ஒரு பங்காக உயர்த்திவிட்டார்கள். இன்றைய கணக்குக்குச் சுமார் 40 கடிதம். அவற்றை வாங்கி வைப்பவர் எங்கள் ஹரோ கிழக்கு எம்.பி. பொப் பிளாக்மன் என்பதால் இங்கே கோயில் வாசலிலும் இதே கதைதான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது கெமியை இறக்கக் கூடாது. அவர் பிரமாதமாகச் செய்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் தலைவரைத் தெரிவு செய்யும் முறையே பழுது. அதைத் திருத்தாமல் ஆளை மட்டும் மாற்றினால் அடுத்து வருபவருக்கும் இதே கதிதான்.

2022 கோடையில் நான் கட்சி உறுப்பினன். இணையப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரித்ததால் வாக்குச்சீட்டு தாமதமாகத்தான் வந்தது. சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். ரிஷி சுனக், லிஸ் டிரஸ் என்று இரண்டே பெயர். மனைவி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே, "வரியைக் குறைக்கக் காசு எங்கேயிருந்து வரும் என்று அந்த மனுசி சொன்னவவா?" என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. டிரஸ்ஸுக்குப் போட்டேன். அவர் வென்று பிரதமரானார்.

செப்டம்பர் 23இல் மினி பட்ஜெட் வந்தது. 45 பில்லியன் பவுண்ட் வரிக்குறைப்பு, ஈடுகட்டும் வழி எதுவும் சொல்லப்படவில்லை. ஐந்தாம் நாள் இங்கிலாந்து வங்கியே இறங்கி அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி ஓய்வூதிய நிதிகளைத் தாங்க வேண்டி வந்தது. எங்கள் வீட்டுக்கடனின் நிலையான வட்டி அந்த நவம்பரில் முடிகிறது. ஏற்கெனவே தருவதாகச் சொல்லியிருந்த வட்டியை வங்கி ஒரே மின்னஞ்சலில் திரும்ப எடுத்துக்கொண்டது. 1.8 வீதம் கட்டியவர்கள் 5.9 கட்டத் தொடங்கினோம். மாதம் 500 பவுண்டுக்கு மேல் கூடுதல். அந்த மின்னஞ்சலை வாசித்த அன்று மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தெரிவு முறையைத் தோண்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

எம்.பி.க்கள் சுற்றுச் சுற்றாக வாக்களித்து இருவரை மிச்சம் வைப்பார்கள். அந்த இருவரில் ஒருவரை உறுப்பினர்கள் தெரிவு செய்வார்கள். வில்லியம் ஹேக் 1998இல் கொண்டுவந்த முறை இது. இனி எம்.பி.க்களின் கடைசிச் சுற்றை மட்டும் பாருங்கள். 2001இல் கென் கிளார்க் 59, இயன் டங்கன் ஸ்மித் 54, மைக்கேல் போர்ட்டிலோ 53. ஒரே ஒரு வாக்கில் போர்ட்டிலோ வெளியே போனார். உறுப்பினர்கள் டங்கன் ஸ்மித்தைத் தலைவராக்கினார்கள். ஒரு பொதுத்தேர்தலைக்கூட அவர் சந்திக்கவில்லை, இரண்டு வருடத்தில் 90க்கு 75 என்று எம்.பி.க்கள் இறக்கிவிட்டார்கள். 2022இல் சுனக் 137, டிரஸ் 113, பென்னி மோர்டன்ட் 105. டிரஸ் இருந்தது 49 நாள். 2024இல் கெமி 42, ராபர்ட் ஜென்ரிக் 41, ஜேம்ஸ் கிளெவர்லி 37. இந்த மூன்று தலைவர்களும் சொந்த எம்.பி.க்களில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஆதரவோடுதான் நாற்காலியில் அமர்ந்தார்கள். 2005இல் டேவிட் கேமரனுக்குக் கடைசிச் சுற்றில் 198இல் 90, மற்ற இருவரையும் தூரத்தில் விட்டுவிட்டார். 2019இல் போரிஸ் ஜான்சனுக்கு 313இல் 160. பாராளுமன்றப் பெரும்பான்மை வாங்கித் தந்தவர்கள் அந்த இருவர்தான்.

எம்.பி.க்கள் மனதார ஏற்காதவரை உறுப்பினர்கள் கொண்டுவந்து நிறுத்தினால், முதல் சறுக்கலிலேயே கடிதம் பறக்கத் தொடங்கும். உங்கள் கருத்து என்ன?

தேம்ஸ்_மாறன்:

குமரன் அண்ணா, கணக்கு சரி. முடிவு சரியில்லை என்று நினைக்கிறேன்.

உறுப்பினர் வாக்கெடுப்பே இல்லாமல் வந்த மூவரை விட்டுவிட்டீர்கள். 2003இல் மைக்கேல் ஹோவர்ட், 2016இல் தெரசா மே, 2022 அக்டோபரில் சுனக். மூவருமே எம்.பி.க்களின் ஆதரவோடு வந்தவர்கள். ஹோவர்ட் 2005இல் தோற்றார். மே 2017இல் இருந்த பெரும்பான்மையையும் தொலைத்தார். சுனக் 121 இடங்களோடு கட்சி வரலாற்றிலேயே மோசமான தோல்வியைக் கண்டார். ஜான்சனுக்குப் பாதிக்கு மேல் எம்.பி.க்கள் இருந்தும் மூன்றே ஆண்டில் 148 பேர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். அப்படியென்றால் தேர்வு முறை ஒரு காரணம்தான், மூல நோய் வேறு.

என் பார்வையில் நோய் இது: இந்தக் கட்சிக்கு இரண்டு பக்கமும் ரத்தம் போகிறது, ஒரு பக்கம் கட்டுப்போட்டால் மறுபக்கம் கொட்டுகிறது. நான்கு முன்னாள் பிரதமர்களின் தொகுதிகளை எடுத்துப் பாருங்கள். கேமரனின் விட்னி லிபரல் டெமாக்ரட்டுக்குப் போனது. மேயின் மெய்டன்ஹெட்டும் அவர்களுக்கே. ஜான்சனின் அக்ஸ்பிரிட்ஜ் லேபருக்கு. டிரஸ் தானே நின்ற தென்மேற்கு நார்ஃபோக்கில் 630 வாக்கில் லேபரிடம் தோற்றார். அந்தத் தொகுதியில் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி வாங்கிய வாக்கு இந்த வித்தியாசத்தைப் போல் பல மடங்கு. நால்வரும் கட்சியை நான்கு திசையில் இழுத்தவர்கள், நான்கு தொகுதியும் போய்விட்டன.

2019இல் 11 இடம் வைத்திருந்த லிபரல் டெமாக்ரட்டுகள் 2024இல் 72. வாக்கு சதவீதம் பெரிதாக ஏறவே இல்லை, 12தான். தெற்கு இங்கிலாந்தின் படித்த, வசதியான ஊர்களில் குறிபார்த்து வேலை செய்தார்கள். ரிஃபார்முக்கு 14 சதவீதம், வெறும் 5 இடம். ஆனால் அந்த 14 சதவீதம் டோரிகளை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பலவீனப்படுத்தியது. கெமி வலப்பக்கம் சாய்ந்தால் லிபரல் டெமாக்ரட்டுகளிடம் போன டன்பிரிட்ஜ் வெல்ஸ் திரும்பி வராது. நடுவுக்கு வந்தால் ரிஃபார்ம் பக்கம் போன லிங்கன்ஷயர் திரும்பி வராது. எந்த ஊருக்கு முதலில் போவது என்று அவர் முடிவு செய்யவே இல்லை. தலைமைப் பிரச்சினை என்று நான் சொல்வது இதைத்தான்.

குரோய்டன்_சிவா:

தம்பிமார் இருவரும் படித்தவர்கள், நன்றாக எழுதுகிறீர்கள். நான் கடைக்காரன். விடிய ஐந்து மணிக்குப் பேப்பர் கட்டைப் பிரிக்கிறதில் தொடங்கி இரவு பத்து வரைக்கும் கல்லாவில் நிற்கிறவன். குரோய்டனுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். 2019 வரைக்கும் ஒருமுறைகூட மாற்றிப் போட்டதில்லை. சொந்தத் தொழில், சொந்த வீடு, பிள்ளைகளுக்குக் கிராமர் ஸ்கூல் (பரீட்சை வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளி) என்று எங்கள் ஆட்கள் கனபேர் அந்தக் கட்சியைப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது.

2024இல் நான் ரிஃபார்முக்குப் போட்டேன். மறைக்க மாட்டேன். 2010இல் குடிவரவைப் பத்தாயிரக் கணக்குக்குக் குறைப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். 2023 யூன் வரையான ஒரே வருடத்தில் நிகரக் குடிவரவு ஒன்பது இலட்சத்துக்கும் மேல். வெளியிலிருந்து வந்த நீயே இதைப் பேசலாமா என்று என் மகளே கேட்கிறாள். நான் வந்தவர்கள் மீது கோபப்படவில்லை. சொன்ன சொல்லுக்கு நேர் எதிராகச் செய்துவிட்டு, மறுபடி அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஒருவன் இரண்டுமுறை கடன் வாங்கித் தராவிட்டால் மூன்றாம்முறை கொடுப்பீர்களா?

லீட்ஸ்_மீனா:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து படிக்க வந்து ஒரு வருடம் ஆகிறது. இரண்டு சந்தேகம். பொதுத்தேர்தல் இல்லாமலேயே 2022இல் மூன்று பேர் பிரதமராக இருந்தது எப்படி? நாட்டு மக்களைக் கேட்க வேண்டாமா? இன்னொன்று, எங்களுக்கு இங்கே ஓட்டு உண்டா?

ஹரோ_குமரன்:

மீனா தங்கச்சி, இங்கே மக்கள் தேர்ந்தெடுப்பது எம்.பி.யைத்தான். பாராளுமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கோ அவர் பிரதமர். ஆகவே பெரும்பான்மைக் கட்சி தலைவரை மாற்றினால் பிரதமரும் மாறிவிடுவார். 2022 செப்டம்பர் 6 காலையில் ஜான்சன் பிரதமர், அக்டோபர் 25 மாலையில் சுனக். நடுவில் டிரஸ். டிரஸ்ஸைத் தெரிவு செய்தது ஏறக்குறைய 1,72,000 உறுப்பினர்களில் 81,326 பேர். அதில் ஒருவன் நான். இரண்டாவது கேள்விக்கு: ஆம், உண்டு. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். இங்கே சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் பொதுத்தேர்தலிலும் கவுன்சில் தேர்தலிலும் வாக்களிக்கலாம். பதிவு மட்டும் செய்ய வேண்டும்.

சிவா அண்ணை, நீங்கள் சொன்ன வேதனை எனக்கு விளங்குகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த செப்டம்பரில் ரிஃபார்ம் கட்சி, நிரந்தர வதிவிட உரிமை என்ற ஒன்றையே ஒழிப்போம் என்று அறிவித்தது. ஏற்கெனவே பெற்றவர்களும் மறுபடி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இன்னும் அந்த உரிமையோடு மட்டும் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

குரோய்டன்_சிவா:

தெரியும் தம்பி. என் மருமகன் 2023இல் பராமரிப்பாளர் விசாவில் வந்தவன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அந்த அறிவிப்பு வந்த அன்று கடைக்கு வந்து, "மாமா, நீங்கள் போட்ட கட்சி என்னை அனுப்பிவிடுமா?" என்று கேட்டான். பால் பெட்டியைத் தூக்கி அடுக்கிக்கொண்டே கேட்டான், முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சரியாக நித்திரை இல்லை. ஆனால் உன் கட்சியும் நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்து வருடக் காத்திருப்பைப் பத்தாக்குவோம் என்று பெப்ரவரியிலேயே சொன்னது. லேபரும் மே மாதம் அதையே சொன்னது. நான் எங்கே போக?

ஸ்கார்பரோ_வாணி:

குமரன் அண்ணை, இதெல்லாம் நாங்கள் கனடாவில் முன்பே பார்த்த கதை.

இங்கே 1993 தேர்தலில் ஆளும் முற்போக்குப் பழமைவாதக் கட்சி 2 இடத்துக்கு விழுந்தது. ஆம், இரண்டே இரண்டு. அதற்கு முந்திய தேர்தலில் 169 வென்ற கட்சி. பிரையன் மல்ரோனி விலகி, கிம் கேம்பல் வந்து சில மாதத்தில் நடந்தது. வாக்கு 16 வீதம் இருந்தது, ஆனால் நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. மேற்கு மாகாணங்களில் ரிஃபார்ம் என்றே பெயர் கொண்ட கட்சி கிட்டத்தட்ட 19 வீதத்தில் 52 இடம் எடுத்தது. பெயர் ஒற்றுமை தற்செயல்தான், ஆனால் நிலைமை அச்சு அசல்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். பத்து வருடம் இரண்டு வலதுசாரிக் கட்சிகளும் ஒன்றின் வாக்கை ஒன்று தின்றன. லிபரல்கள் மூன்று தேர்தல் தொடர்ந்து வென்றார்கள். 2003 டிசம்பரில்தான் இரண்டும் இணைந்தன, 2006இல் ஸ்டீவன் ஹார்ப்பர் பிரதமரானார். இணைந்த பிறகும் தலைமைச் சண்டை ஓயவில்லை. 2022 பெப்ரவரியில் எரின் ஓடூலை எம்.பி.க்கள் 73க்கு 45 என்று இறக்கினார்கள். பியர் பொலியேவ் வந்து இந்த ஏப்ரலில் 41 வீத வாக்கு வாங்கினார், பல பத்தாண்டுகளில் பார்க்காத அளவு. அப்படியும் தோல்வி, தன் சொந்தத் தொகுதியிலும் தோல்வி. இடைத்தேர்தலில் நின்று திரும்பி வந்தார்.

பிரித்தானிய டோரிகள் 2024இல் 121 இடத்தோடு நின்றார்கள், 2ஓடு இல்லை. அதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். இன்னும் பிழைக்க வழி இருக்கிறது.

தேம்ஸ்_மாறன்:

வாணி அக்கா, அருமையான ஒப்பீடு. ஆனால் ஒரு வித்தியாசம் என்னை உறுத்துகிறது. கனடாவில் இரண்டு கட்சிகளுக்கும் தனித்தனி மண் இருந்தது. மேற்கில் ரிஃபார்ம், கிழக்கில் பழைய கட்சியின் மிச்சம். சேரும்போது இரண்டும் ஏதோ கொண்டுவந்தன. இங்கே நைஜல் ஃபராஜ் டோரிகளின் வீட்டுக்குள்ளேயே குடியேறுகிறார். கென்ட் கவுன்டி கவுன்சில் இந்த மே மாதம் வரை டோரி கோட்டை. 81 இடத்தில் ரிஃபார்ம் 57, டோரி 5. அதே நாளில் டோரிகள் 670க்கும் மேற்பட்ட கவுன்சிலர்களை இழந்தார்கள், அன்று தேர்தல் நடந்தவற்றில் கையில் வைத்திருந்த கவுன்சில்கள் அத்தனையும் போயின. எல்லா வாக்கையும் ஒருவரே வாங்கிவிட்டால் அவர் ஏன் இணைப்புக்கு வர வேண்டும்? எம்.பி. டேனி குரூகர் செப்டம்பரில் அங்கே தாவியதும் இதே கணக்கில்தான்.

போன மாதம் வேல்ஸில் கேர்ஃபிலி இடைத்தேர்தலைப் பார்த்தீர்களா? அங்கே டோரிகள் எப்போதுமே பலமில்லாதவர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 690 வாக்கு, 2 சதவீதம். டெபாசிட் போயிற்று. எனக்குப் பயம் தருவது தோல்வி இல்லை. ஜெயிக்கக்கூடியவர் யார் என்று வாக்காளர் பார்க்கும்போது இந்தக் கட்சி அவர் கண்ணிலேயே படாமல் போவதுதான்.

ஹரோ_குமரன்:

மாறன், கேர்ஃபிலியை வைத்து இங்கிலாந்தை அளக்க வேண்டாம். எங்கள் தொகுதியையும் ஒரு தடவை பாருங்கள்.

2024 யூனில் கென்டன் பக்கம் துண்டுப்பிரசுரம் போடப் போனேன். மழை. கதவில் கடிதம் போடும் ஓட்டைக்குள் இருக்கிற தூரிகை விரலைச் சுரண்டிச் சுரண்டி சிவந்துவிட்டது. ஒரு வீட்டில் வயதான குஜராத்தி ஐயா கதவைத் திறந்தார். பிரசுரத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "பொப்புக்குப் போடுவேன். உங்கள் கட்சிக்கு இல்லை" என்றார். அந்தத் தெருவில் ஏழெட்டு வீட்டில் அதே பதில். அந்தத் தேர்தலில் நாடு முழுக்கப் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி வென்ற ஒரே கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஹரோ கிழக்கில்தான் இருந்தார். மக்கள் கோயில் திருவிழாவில், பாடசாலை விழாவில் பார்த்த முகத்தை நம்பினார்கள். தலைமையை நம்பவில்லை.

நீங்கள் சொன்ன இரண்டு பக்க ரத்தப்போக்கை ஏற்கிறேன். ஆனால் எந்தப் பக்கம் முதலில் கட்டுப்போடுவது என்று ஒரு தலைவர் துணிந்து சொல்ல வேண்டுமென்றால் அவருக்குப் பின்னால் எம்.பி.க்கள் நிற்க வேண்டும். 42 பேரை வைத்துக்கொண்டு கெமி எதைத் துணிந்து சொல்வார்? மான்செஸ்டர் மாநாட்டில் சொந்தமாக வசிக்கும் வீட்டுக்கு முத்திரை வரியை ஒழிப்போம் என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. 47 பில்லியன் செலவைக் குறைத்து அதிலிருந்து ஈடுகட்டுவோம் என்று இந்த முறை கணக்கும் சேர்த்துச் சொன்னார்கள். 2022இல் என் மனைவி கேட்ட கேள்விக்குக் கட்சி மூன்று வருடம் கழித்தாவது பதில் எழுதப் பார்க்கிறது. அந்தக் கணக்கு சரியா பிழையா என்று வாதாடலாம். ஆனால் நாளைக்கே வேறு யாரோ வந்தால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

என் யோசனை இதுதான். கடைசி இருவரில் ஒருவர் எம்.பி.க்களில் பாதிப் பேரின் ஆதரவைப் பெற்றால் அங்கேயே முடிந்தது, உறுப்பினர் வாக்கெடுப்பு வேண்டாம். உறுப்பினராக இருந்து வாக்களித்தவன்தான் இதைச் சொல்கிறேன். என் வாக்குரிமையைக் குறைத்தாலும் பரவாயில்லை.

தேம்ஸ்_மாறன்:

அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது அண்ணா. கடைசியில் மிஞ்சுவது இருவர் என்றால் ஒருவருக்குப் பாதி கிடைத்தே தீரும். அப்படியானால் உறுப்பினருக்கு என்ன மிச்சம்? மழையில் விரல் சிவக்கப் பிரசுரம் போடுகிறவரிடம் தலைவர் தேர்தலில் உனக்கு வேலையில்லை என்றால் அடுத்த தேர்தலுக்கு யார் வருவார்? 2022இல் 1,72,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை 2024இல் 1,32,000 அளவுக்கு இறங்கியது. இன்னும் இறங்கினால் கட்சி லண்டனில் நாலு அலுவலகமும் தொலைக்காட்சிப் பேச்சாளர்களும் மட்டும்தான்.

ஸ்கார்பரோ_வாணி:

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. கடைசிச் சுற்றுக்கு வர ஒருவருக்குக் குறைந்தது 40 வீத எம்.பி.க்கள் வேண்டும் என்று வைக்கலாம். அந்த அளவை ஒருவர்தான் தொட்டால் அவரே தலைவர். இருவர் தொட்டால் உறுப்பினரிடம் போகட்டும். நீங்கள் கொடுத்த எண்களின்படி டிரஸ்ஸும் டங்கன் ஸ்மித்தும் அந்த அளவைத் தொடவே இல்லை.

ஹரோ_குமரன்:

வாணி, யாருமே 40ஐத் தொடாத வருடம் வந்தால்? 2001, 2022, 2024 மூன்றும் அப்படித்தான் இருந்தன.

ஸ்கார்பரோ_வாணி:

அப்படியானால் தொடும்வரை கதைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் அண்ணை. அதைச் செய்யத் தெரியாதவர்கள் எப்படி நாட்டை ஆள்வார்கள்?

லீட்ஸ்_மீனா:

குமரன் அண்ணா, பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டேன், ஐந்து நிமிடம்தான் ஆனது. 2026 மே 7இல் இங்கே கவுன்சில் தேர்தலாம். வாக்குச்சாவடிக்கு இந்திய பாஸ்போர்ட் கொண்டுபோனால் போதுமா?

ஹரோ_குமரன்:

போதும் தங்கச்சி. காமன்வெல்த் நாட்டுப் பாஸ்போர்ட்டை அடையாளமாக ஏற்கிறார்கள். அதே நாளில் லண்டன் கவுன்சில்கள் அனைத்துக்கும் தேர்தல், ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சபைகளுக்கும் சேர்த்து. ஹரோவை 2022இல் 55க்கு 31 என்று டோரிகள் பிடித்தார்கள். குரோய்டன் மேயர் பதவியும் அப்போது அவர்களுக்குத்தான் கிடைத்தது. இந்த இரண்டும் கையைவிட்டுப் போனால் அன்று இரவே கடிதங்கள் வரத் தொடங்கும். நான் இங்கே எழுதியது ஒன்றும் அப்போது எடுபடாது.

குரோய்டன்_சிவா:

தம்பி, மே மாதத்துக்கு முன் உன் கட்சிக்காரர் யாராவது என் கடைப் பக்கம் வருவார்கள்தானே. கெமியா வேறு ஆளா என்று நான் கேட்கப் போவதில்லை. மருமகன் இந்த நாட்டில் எத்தனை வருடம் வேலை செய்தால் நிம்மதியாக இருக்கலாம், அந்த எண் பிறகு மாறாதா, இதை மட்டும்தான் கேட்பேன். பதிலோடு வரச் சொல்.

ஹரோ_குமரன்:

நானே வருகிறேன் அண்ணை. சனிக்கிழமை விடிய, பேப்பர் கட்டு வரும் நேரத்துக்கு. மருமகனையும் நிற்கச் சொல்லுங்கள்.